கரிக்கோட்டில் வந்த தாத்தா

எங்கள் குடும்பத்தில் தாத்தாவின் முகம் பற்றி இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று அத்தை கட்சி, இன்னொன்று பெரியப்பா கட்சி. அத்தை கட்சிப்படி தாத்தா எலுமிச்சம்பழ நிறம், முறுக்கிவிட்ட மீசை, எப்போதும் சிரித்த முகம். பெரியப்பா கட்சிப்படி நல்ல கறுப்பு, மீசை இருந்ததாக ஞாபகமில்லை, அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தாத்தா இறந்தபோது அத்தைக்கு ஒன்பது வயது, பெரியப்பாவுக்கு ஏழு. ஆகவே இருவருமே நேரில் பார்த்த சாட்சிகள். ஒரு போட்டோ இருந்திருந்தால் வழக்கு என்றைக்கோ முடிந்திருக்கும். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்து தாத்தா கடைசிவரை கேமராவுக்கு முன்னால் நிற்கவே இல்லையாம். அவ்வளவு கவனமாக இருந்தவர் ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போய், காய்ச்சலோடு இறங்கி வந்து, ஒரே வாரத்தில் முப்பத்து மூன்று வயதில் போய்விட்டார்.

அப்பா எந்தக் கட்சியிலும் இல்லை. தாத்தா போனபோது அவர் பிறந்திருக்கவில்லை. பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பண்டிகை நாட்களில் சாப்பிட்டு முடித்து, அத்தையும் பெரியப்பாவும் வாதத்தைத் தொடங்கினால் அப்பா கொஞ்ச நேரம் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோல எழுந்து போய்விடுவார். சின்னமனூரில் அவருக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. எங்கள் பக்கம் கிணற்று மோட்டார்கள் எரிந்துபோவதற்குக் குறைவே இல்லை. அதனால் எழுந்து போக அப்பாவுக்குக் காரணம் கிடைக்காத நாளும் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் படக்கார அம்மா எங்கள் ஊருக்கு வந்தார். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்கவில்லை. கேரளத்தில் கட்டப்பனைப் பக்கத்துக்காரர். கசவுச் சரிகை வைத்த வெள்ளைப் புடவை, நரைத்த தலையில் ஒரு துளசிக் கொத்து, தோளில் சாக்குத் துணியில் தைத்த நீளமான பை. இறந்தவர்கள் அவர் கையில் இறங்கி வந்து தங்கள் முகத்தைத் தாங்களே வரைந்துகொள்வார்கள் என்று சொன்னார்கள். இறந்தவரின் போட்டோவை அவர் பார்ப்பதில்லை, அடையாளமும் கேட்பதில்லை. அவர்கள் பயன்படுத்திய பொருள் ஒன்றை மடியில் வைத்தால் போதும். பக்கத்துத் தெரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் இறந்துபோன மருமகளை வரைந்தாராம்; பார்த்ததும் மாமியார் மன்னிப்புக் கேட்டு அழுதாராம். இந்தச் செய்தி அத்தைக்குப் போதுமானதாக இருந்தது.

"இப்பத் தெரிஞ்சிரும்ல, யாரு சொன்னது நெசம்னு" என்றாள் அத்தை.

"தெரியட்டும், தெரியட்டும். அதுக்கப்புறமாச்சும் நீ வாயை மூடுவ" என்றார் பெரியப்பா.

படக்கார அம்மா எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய நாளில் அப்பா கடையை மதியமே பூட்டிவிட்டு வந்து, குளித்து, தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா அவரைப் பார்த்துச் சிரிக்கப் போனவள், ஏனோ சிரிக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தாத்தா இடுப்பில் கட்டிய தோல் பெல்ட் ஒன்று அத்தை வீட்டுப் பரணில் இருந்தது. பாதியை எலி தின்றிருந்தது. மீதிப் பாதியைத் தாம்பாளத்தில் வெற்றிலையோடு வைத்துக்கொடுத்தார்கள். படக்கார அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, கண்களைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு, பலகையில் காகிதத்தைப் பொருத்தி, கரிக்குச்சியை எடுத்தார். கூடத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். எல்லோருக்கும் வேர்த்தது.

முதலில் அவர் கை காற்றில் வட்டம் போட்டது. பிறகு காகிதத்தில் இறங்கியது. சரசரவென்று ஒரு நெற்றி வந்தது. காது வந்தது, காதில் கடுக்கன் வந்தது. "ஆத்தாடி, கடுக்கன்!" என்று அத்தை கத்தினாள். கடுக்கன் விஷயத்தில் பெரியப்பாவுக்கும் மறுப்பில்லை. மீசை வந்தது. முறுக்கவும் இல்லை, இல்லாமலும் இல்லை. நடுவில் கத்தரித்து ஓரத்தில் கொஞ்சம் தொங்கிய மீசை. இரண்டு கட்சியும் பாதி வெற்றியோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. இடது புருவம் நடுவில் ஒரு வெட்டுத் தழும்பால் இரண்டாகப் பிரிந்திருந்தது. கரியில் வரைந்ததால் நிறத்தைப் பற்றிய வழக்கு தானாகவே தள்ளுபடியானது.

எல்லாம் முடிந்து பார்த்தால், படத்தில் இருந்தவர் கிழவர். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே தோல் சுருங்கி, அறுபத்தைந்துக்குக் குறையாத ஒரு கிழவர்.

பெரியப்பா எழுந்துவிட்டார். "இங்கன பாருங்கம்மா. எங்க அப்பா செத்தப்ப முப்பத்தி மூணு வயசு. இது யாரு?"

படக்கார அம்மா கண்கட்டை அவிழ்த்துத் தன் படத்தை முதல்முறை பார்ப்பவர்போல நிதானமாகப் பார்த்தார். பிறகு பெரியப்பாவை இரக்கத்தோடு பார்த்தார்.

"அவரு போயிட்டு எத்தர வருஷமாயி?"

"முப்பத்தி நாலு."

"அவிடெயும் வயசாகுமல்லோ, மோனே."

இப்படி ஒன்று இருக்கும் என்று எங்களில் யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை. செத்தவர்கள் செத்த வயதிலேயே நின்றுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். அத்தை விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தாள். சரியாக அறுபத்தேழு வந்தது. அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "அங்கன போயும் வயசாகிக்கிட்டுத்தான் இருந்திருக்காக, பாவம். பாத்துக்கிட ஆளில்லாம..." என்றாள்.

அப்பா மட்டும் அசையவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்தபடியே குனிந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, கரி அழிந்துவிடும் என்ற பயத்தில் தொடாமல், அந்தப் புருவத் தழும்புக்கு மேலாக விரலை ஓட்டினார்.

"இது எப்பிடிண்ணே ஆச்சு?" என்று பெரியப்பாவிடம் கேட்டார்.

பெரியப்பாவுக்கு அந்தத் தழும்பு ஞாபகத்தில் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தம்பி அவரிடம் அப்பாவைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "காளை முட்டுனதுடா" என்றார். "செவலைக் காளை. தொழுவத்துல."

ஒரு மாதத்துக்குள் அந்தச் செவலைக் காளைக்குக் கொம்பு, திமில், சுபாவம் எல்லாம் வந்துவிட்டன. முட்டியபோது தானும் பக்கத்தில்தான் நின்றிருந்ததாக அத்தை சொன்னாள். அந்தக் காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டதே தான்தானாம். இருவரும் சண்டையில்லாமல் ஒரே கதையைச் சொல்வதை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அப்பத்தாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினோம். அப்பத்தா நாற்பதில் இறந்தவள். அவள் பக்கத்தில் தாத்தா அவளுடைய அப்பாவைப்போல இருந்தார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்பா காலையில் கடைக்குக் கிளம்பும்போது படத்துக்கு முன்னால் நின்று, "வர்றேன்ப்பா" என்று சொல்லத் தொடங்கினார். சத்தமாக இல்லை, உதடு மட்டும் அசையும். வாழ்நாளில் 'அப்பா' என்ற வார்த்தையை யாரையும் பார்த்துச் சொல்லாதவர் என்பதால் கொஞ்ச நாள் கூச்சப்பட்டார். அப்புறம் பழகிவிட்டது. கடைக்கு வந்த சண்டைக்கார ஆட்கள், பழைய கம்பியை ஏமாற்றி விற்றவன் என்று எல்லாச் செய்தியும் படத்துக்குப் போனது. "அவர்ட்ட பேசுறதுல பாதி என்கிட்டப் பேசலாம்" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள், ஆனால் தினமும் படத்துக்குப் பூ வைத்தவளும் அவள்தான்.

காலாண்டுத் தேர்வு லீவில் அப்பா போடிக்குக் கிளம்பினார். அங்கே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் மெஷினின் மோட்டார் நின்றுவிட்டது. நானும் வருவேன் என்று அழுததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டோருக்குள் ஏலக்காய் வாசனை தலையைக் கிறுகிறுக்க வைத்தது. அப்பா மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலை பார்க்க, நான் வாசலுக்கு வந்தேன்.

வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், காக்கிச் சட்டை போட்டு, ஒரு மர ஸ்டூலில் என் தாத்தா உட்கார்ந்திருந்தார்.

கடுக்கன், தொங்கு மீசை, ஒட்டிய கன்னம், பிளந்த இடது புருவம். எல்லாம் அப்படியே இருந்தன. ஒரே வித்தியாசம், கையில் பீடி. எனக்குப் பயமே வரவில்லை. மாறாக, அவர் இவ்வளவு நாளாகப் போடியில்தான் இருந்திருக்கிறார் என்பதை வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்று எரிச்சல்தான் வந்தது. உள்ளே ஓடினேன்.

"அப்பா, தாத்தா வெளிய உக்காந்திருக்காக."

மெஷினுக்கு அடியிலிருந்து கால்கள் மட்டும் தெரிந்தன. "எந்தத் தாத்தா?"

"நம்ம தாத்தாதான். செத்துப்போன தாத்தா."

அப்பா ஸ்பானரோடு வெளியே வந்தார். அவர் முகம் போன போக்கை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பெரியவர் எங்களைப் பார்த்து, "மெஷினு ஓடிருச்சாய்யா?" என்று கேட்டார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே எதிரிலிருந்த டீக்கடைக்கு நடந்தார்.

டீக்கடைக்காரரிடம், "அந்த வாட்ச்மேன் அய்யா யாருண்ணே?" என்று கேட்டார்.

"அவரா? நல்ல மனுசன். அந்த ஸ்டோர்ல பதினஞ்சு வருசமா இருக்காரு" என்று சொன்ன கடைக்காரர், தானாகவே சிரித்தார். "ஏன் கேக்குறீக? நீங்களும் அவரைப் பாத்து வரையப் போறீகளா? சித்திரையில ஒரு மலையாளத்து அம்மா இந்த லாட்ஜுல தங்கியிருந்தாக. தெனமும் இதே பெஞ்சுல உக்காந்து அந்தாளைப் பாத்துக் கரிக்குச்சியில கிறுக்கிக்கிட்டே இருப்பாக. கண்ணை மூடிக்கிட்டும் வரையுறாகய்யா அந்த மொகத்தை! அத்தனை தடவை வரைஞ்சிருக்காக."

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. நாங்கள் நன்றாக ஏமாந்திருக்கிறோம். அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். மேலே ஆடை படிந்தது. அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். பெரியவர்கள் அழும்போது என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியாததால் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கு வழியாக, பிறகு தோள் குலுங்க. டீ சிந்தியது. கடைக்காரரும் காரணம் தெரியாமல் கூடவே சிரித்தார்.

சிரித்து முடித்ததும் அப்பா ரோட்டைக் கடந்து பெரியவருக்கு முன்னால் போய் நின்றார்.

"அய்யா, இந்தப் புருவத்துல எப்பிடி அடிபட்டுச்சு?"

"இதுவா? சைக்கிள்ல இருந்து விழுந்தேன். பழனிச்செட்டிபட்டி பாலத்துல" என்றார் அவர். "ஏன்யா?"

"சும்மா கேட்டேன். வர்ற அமாவாசைக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும். நானே பஸ் ஸ்டாண்டுல வந்து கூட்டிக்கிறேன்."

பெரியவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "அமாவாசைன்னா கறிக்கொழம்பு இருக்காதே" என்றார் யோசனையோடு.

"வடை பாயசத்தோட இருக்கும்."

"அப்பச் சரி. வர்றேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அப்பாவிடம் படத்தைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். படக்கார அம்மாவைப் போலீஸில் பிடித்துக்கொடுக்கலாமா என்று கேட்டேன். "வாயை மூடிட்டு வா. வீட்டுல யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றார். அம்மாவிடம் மட்டும் அவரே சொல்லிவிட்டார் என்பது மறுநாள் அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. அவள் கவலை வேறாக இருந்தது. உயிரோடு இருக்கிற மனிதரை வீட்டுக்கு அழைத்து, மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருக்கிற அவருடைய படத்தைக் காட்டினால் அது எவ்வளவு பெரிய பாவம்! படத்தைக் கழற்ற அப்பா சம்மதிக்கவில்லை. கடைசியில், அவர் வருகிற நேரத்துக்கு மாலையையும் பொட்டையும் மட்டும் எடுத்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அந்த வேலை எனக்குத் தரப்பட்டது.

அது புரட்டாசி அமாவாசை. அத்தையும் பெரியப்பாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். சமையல் முடிந்து, மொட்டை மாடியில் காக்காவுக்குச் சோறு வைத்தாகிவிட்டது. அன்று காக்கா வரவில்லை. பெரியப்பா கைதட்டிக் கூப்பிட்டார், அத்தை கெஞ்சினாள், பக்கத்து வீட்டு மாடியில் இருந்த காக்காக்கள் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் பசியோடு கூடத்துக்கு வந்தார்கள். "அப்பாவுக்கு என்ன கோவமோ" என்று அத்தை புலம்பினாள்.

அந்த நேரம் பார்த்து நான் ஸ்டூல் மேல் ஏறி மாலையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பஸ் சீக்கிரம் வந்துவிட்டது போலிருக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "வாங்கய்யா, உள்ள வாங்க" என்றது அப்பாவின் குரல். நான் மாலையைப் பாதி கழற்றிய நிலையில் திரும்ப, வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாகப் பெரியவர் கூடத்துக்குள் வந்து நின்றார்.

பெரியப்பா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். அத்தை பெரியவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி, "காக்காவுக்குப் பாத்தது போதும். எலையைப் போடு" என்றாள் அம்மாவிடம்.

பெரியவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் நேரே எனக்குப் பக்கத்தில் வந்து படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொட்டு இன்னும் நெற்றியில் இருந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். அவர் கை தானாகவே மேலே போய் மீசையை ஒருமுறை தடவியது. அம்மா சமையலறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது யாருய்யா?" என்று கேட்டார்.

"எங்க அப்பா" என்றார் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "எங்க அப்பா. நான் பொறக்குறதுக்கு முந்தியே போயிட்டாக. நான் பாத்ததில்ல."

பெரியவர் மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நல்ல களையான மொகம்" என்றார். பிறகு என்னிடம், "மாலைய ஏன்த்தா கழட்டுற? போடு, போடு. நல்லாத்தான் இருக்கு."

நான் மாலையைப் பழையபடி போட்டுவிட்டு இறங்கினேன்.

அவர் சாப்பிட்டதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அப்பா வேறு யாரையும் பரிமாறவிடவில்லை. ஐந்து வடை, மூன்று முறை பாயசம். பெரியப்பா எதிரில் உட்கார்ந்து அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல், "அய்யாவை எப்பயாச்சும் காளை மாடு முட்டியிருக்கா?" என்று கேட்டுவிட்டார். அம்மா இருமினாள். பெரியவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார்.

"முட்டியிருக்கும்யா" என்றார். "எத்தனை காளை, எத்தனை முட்டு. எதைன்னு ஞாபகம் வச்சுக்கிறது?"

பெரியப்பா வெற்றியோடு அத்தையைப் பார்த்துத் தலையாட்டினார். அத்தை சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

கிளம்பும்போது அப்பா அவர் காலில் விழுந்தார். பெரியவர் அவர் தலையில் கையை வைத்து, எடுக்க மறந்தவர்போல அப்படியே வைத்திருந்தார். "நல்லா இரு மகனே. நல்லா வந்திருக்க" என்றார். அப்பா எழுந்திருக்க நேரமானது.

பஸ் ஏற்றிவிட நானும் போனேன். சாலையில் தூரத்தில் புழுதியோடு ஒரு பஸ் வந்தது. எனக்கு அது பஸ் என்பது மட்டும்தான் தெரிந்தது. "கம்பம் வண்டிய்யா அது. போர்டுல போட்டிருக்கான். நம்ம வண்டி பின்னால வருது" என்றார் பெரியவர். அவர் சொன்னபடியே இரண்டாவதாகப் போடி பஸ் வந்தது. அப்பா அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு இறங்கினார். பஸ் போனபிறகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்கிறவருக்குக் கண்ணுக்கு முன்னால் இருந்த தன் முகமே தெரியவில்லையே, எப்படி? வீட்டுக்கு நடக்கும்போது அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று கண்டுபிடித்தேன்.

"அப்பா, அந்தத் தாத்தா ரூம்ல மொகம் பாக்குற கண்ணாடி இல்ல போலப்பா" என்றேன். "அதான் அவுகளுக்குத் தெரியல."

அப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஆமா" என்றார். "அடுத்த தடவ போறப்ப ஒண்ணு வாங்கிட்டுப் போவோம்."